வெள்ளிக்கிழமை வாஃபிள்

எனக்கு வாஃபிள் சுடப் பிடிக்காது. முதலில் அதை உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

எங்கள் தொலைபேசி அலுவலகத்தில் ஒரு வழக்கம். யாருடைய பொறுப்பிலுள்ள செல்போன் கோபுரங்களில் அந்த வாரம் அழைப்புகள் அதிகம் அறுந்தனவோ, அவர்தான் வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் வாஃபிள் சுட வேண்டும். அன்று நண்பகல் பன்னிரண்டுக்கு அந்தக் கணக்குப் பட்டியலை மூடிவிடுவார்கள்.

பதினைந்து வருடம் என் பொறுப்பிலிருந்த தீவுகள் என்னைத் தலைகுனிய விட்டதில்லை. பிறகு தீவுகளுக்கு மருந்து கொண்டுபோகும் ஆஸ்பத்திரி ட்ரோன்கள் வந்தன. கோபுரத்து ஆன்டெனா தரையைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். மனிதர்கள் தரையில்தானே இருக்கிறார்கள். உள்ளே ஒரு சிம்மோடு நூறு மீட்டர் உயரத்தில் பறக்கிற ட்ரோனுக்கோ ஒரே நேரத்தில் இருபது கோபுரம் தெரியும். சந்தைக்கு வந்த கஞ்சனைப் போல ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கும், எதிலும் நிற்காது. அந்தத் தள்ளுமுள்ளில் கீழே பேசிக்கொண்டிருப்பவர்களின் அழைப்பு அறுந்துபோகும்.

பதினொரு வாரம் தொடர்ந்து நான்தான் சுட்டேன்.

"எய்லிஃப், இந்த வாரமாவது கருகாம சுடுப்பா," என்பாள் பக்கத்து மேசை தூர்டிஸ். "ஜாம் நான் கொண்டாரேன், பாவம் நீ."

மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை. லீங்வேர் தீவிலிருந்து ராக்னா என்றொரு வாடிக்கையாளர் வேறு வாராவாரம் கூப்பிடுவாள். "அந்தத் தும்பி பறந்தாலே எம் பொண்ணுகிட்டப் பேச முடியல. அங்க உக்காந்து என்னதான்யா பண்ற நீ?"

நியாயமான கேள்வி. ஆகவே ஒரு திங்கட்கிழமை, ட்ரோன்களின் சிம்களை லீங்வேர் கோபுரங்கள் ஏற்காதபடி செய்தேன். இணைப்பு கிடைக்காத ட்ரோன் தானாகத் திரும்பிவிடும், யார் தலையிலும் விழாது. அந்த அக்கறை எனக்கு உண்டு. நான்கு நாள் எல்லாம் பாதி வழியில் திரும்பின. ஆஸ்பத்திரியில் காற்றைக் குறை சொன்னார்கள்.

வெள்ளி, பதினொன்று முப்பத்தைந்துக்கு ராக்னாவின் கணவர் ஓட்மண்ட் சமையலறையில் விழுந்தார். நின்ற இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் கருவியோடு ட்ரோன் கிளம்பியது. ஐந்து நிமிடத்தில் என் திரையில் வந்து கதவைத் தட்டியது, அவசரம் என்ற குறியோடு. பார்த்தேன். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் பட்டியல் மூட இன்னும் இருபது நிமிடம் இருந்தது. தூர்டிஸுக்கு என்னைவிட ஒரே ஓர் அழைப்புதான் கூடுதலாக அறுந்திருந்தது.

ட்ரோன் திரும்பிப் போனது. தூர்டிஸ் சுட்ட வாஃபிளில் இரண்டு தின்றேன். மாவில் ஏலக்காய் போட்டிருந்தாள்.

ராக்னா என்மேல் கோபமாக இருப்பதாகச் சொல்கிறீர்கள். பதிவை எடுத்துப் பாருங்கள். கணவரின் மார்பை அழுத்திக்கொண்டே, அவர் போய்விட்டார் என்று தெரியும்வரை, ஆம்புலன்ஸ் எண்ணில் இருபத்திரண்டு நிமிடம் பேசியிருக்கிறாள். ஒருமுறைகூட அறுந்துபோகவில்லை.