அலமாரி விற்ற நாள்

— ஊதுங்க.

— கதவையாவது சாத்த விடேன். வாசல்லயேவா சோதனை?

— ஊதுங்கன்னேன். ம்ம்… புதினா மிட்டாய். யாரை ஏமாத்த?

— சரி தாயே, பிடிச்சேன். ஒண்ணே ஒண்ணு.

— கடையில பழைய சோபாவை இப்படித்தானே தள்ளி விடுறீங்க? ‘ஒரே ஒரு கீறல்தாம்மா’ன்னு.

— கேளு முதல்ல…

— எதைக் கேக்க? நெஞ்சுப் படத்துல நிழல் தெரியுது. என்னன்னு தெரிஞ்சுக்கிறதுக்குள்ள அதுக்குப் புகை போட்டுட்டு வந்து நிக்கிறீங்க. வெக்கமாயில்ல?

— இருக்கு. கூடவே ஒரு விஷயமும் பிடிபட்டுது.

— பிடிபட்டது நீங்க.

— கேளுன்னா! விட்டுட்டு விட்டுட்டு நான் மறுபடி தொட்டப்பல்லாம் நீ என்ன சொன்னே? கவலைதான் காரணம்னே. கவலை வரும்னு, என் தங்கச்சி போன் பண்ணாக்கூட என்கிட்ட கொடுக்கல.

— அவகிட்ட பேசி வச்சா எனக்கே ஒண்ணு பத்த வைக்கலாம் போல இருக்கும்.

— அவ மேல தப்பே இல்ல. படம் எடுத்ததிலேருந்து எனக்குத் தூக்கமில்ல. அந்தப் பயத்துல தொட்டேனா? இல்ல. இன்னைக்கு, மூலையில தூசி தின்னுக்கிட்டிருந்த அந்த அலமாரியை ஒருத்தன் தலையில கட்டினேன். வண்டி கிளம்பிச்சு. கை தானா பெட்டிக்கடைப் பக்கம் நீண்டுடுச்சு. போன தடவை? பையன் பாஸான அன்னைக்கு. அதுக்கு முன்னாடி, இந்த வீட்டுச் சாவி கைக்கு வந்த அன்னைக்கு. கவலையில நான் கெட்டியாத்தான் இருக்கேன். சந்தோஷம்தான் கவுத்துடுது.

— அடேங்கப்பா! அப்போ நான் எரிஞ்சு விழுறதுதான் உங்களுக்கு மருந்தா?

— இருந்தாலும் இருக்கும். வேளை தவறாம கொடுக்கிறியே.

— வாய்க்கு ஒண்ணும் குறைச்சலில்ல. பாக்கெட்டை எடுங்க.

— எந்தப் பாக்கெட்டு?

— சில்லறையா வாங்குற ஆளா நீங்க? எடுங்க. லைட்டரையும்.

— இந்தா, தொலை. இப்போ ஏன் கதவைப் பூட்டுறே? சாவியை எங்க கொண்டு போறே?

— என் இடுப்புல இருக்கட்டும். உக்காருங்க. ரெண்டு கையையும் இப்படிக் கொடுங்க.

— என்னடி, கட்டிப் போடப் போறியா?

— மத்தியானம் டாக்டர் போன் பண்ணாரு. அந்த நிழல், எப்பவோ வந்த நெஞ்சுச் சளியோட தழும்பாம். உங்களுக்கு ஒண்ணுமே இல்லையாம்.