சிவப்புத் தட்டில் இருந்த ஈயமீன்கள்

என் பெயர், வயது, வீட்டு விலாசம் ஆகியவற்றை ஆய்வாளர் இந்தத் தாளின் தலைப்பில் எழுதிக்கொண்டார். அவை சரி என்று நானும் பார்த்துச் சொல்லிவிட்டேன். படகு பழுதுபார்க்கும் பட்டறைக்குப் பின்னால் உள்ள சந்தில் கடைசி வீட்டில் என் கணவருடன் குடியிருக்கிறேன். என் கணவர் அந்தப் பட்டறையில் வெல்டர். விடுமுறை நாட்களில் வீட்டின் பின்புறக் கொட்டகையில் ஈயமீன் வார்ப்பார். நான் அவற்றுக்குப் பெயிண்ட் அடிப்பேன். ஈயமீன் என்பது தூண்டில் நரம்பின் நுனியில் கட்டி ஆழத்தில் இறக்கி ஆட்டுகிற பொய் மீன். கடைக்காரர்கள் ஜிக் என்பார்கள். ஆய்வாளருக்குத் தூண்டில் பழக்கம் இல்லை என்பதால் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று.

புகார் கொடுத்திருப்பவள் என் அண்ணி, அதாவது என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. என் கணவர் பகை வைத்துக்கொண்டு, கொதிக்கிற ஈயத்தை அண்ணன் கண்ணில் தெறிக்கவிட்டார் என்பது அவள் புகார். நான் யாரும் சொல்லிக்கொடுத்து வரவில்லை. இந்தக் காவல் நிலையத்து வாசலிலேயே அண்ணி என்னை மறித்து, "நீ யாரு பக்கம் பேச வந்திருக்க?" என்று கேட்டாள். எனக்கே தெரியாது என்று சொன்னேன். ஆஸ்பத்திரியில் கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பவர் என் அண்ணன், இங்கே உள்ளே உட்கார்ந்திருப்பவர் என் புருஷன், இதில் நான் எந்தப் பக்கம் போவது? எங்கே தொடங்குவது என்றும் தெரியாமல் நின்றபோது ஆய்வாளர், "காலையில இருந்து வரிசையா சொல்லும்மா" என்றார். அதன்படி சொல்கிறேன்.

சம்பவம் நடந்தது விடுமுறை நாள். காலையில் என் கணவர் கொட்டகையைப் பெருக்கிவிட்டு அடுப்பைத் தயார் செய்துகொண்டிருந்தார். எங்கள் வீட்டில் இரண்டு தட்டுகள் உண்டு. நீலத் தட்டில் இருப்பது உருக்க வேண்டிய பழைய ஈயம், அது அவருடையது. சிவப்புத் தட்டில் இருப்பது வார்த்து முடித்து, பெயிண்டுக்கு வந்த மீன்கள், அது என்னுடையது. பெயிண்ட் அடிக்க வேண்டும் என்றால் முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். கை எண்ணெய் பட்டால்கூட வெள்ளைப் பூச்சு தோல் உரிவதுபோல் உரிந்து வந்துவிடும். ஆகவே சிவப்புத் தட்டில் எது வந்தாலும் நான் கழுவாமல் விடுவதில்லை.

அவருடைய கொட்டகையில் வேறு சட்டம். அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் போகக் கூடாது. டீ டம்ளரோடு போனாலும், தலை துவட்டிய துண்டோடு போனாலும் வாசலிலேயே நிறுத்திவிடுவார். ஏன் என்று கேட்டால், "ஈயத்துக்கும் தண்ணிக்கும் ஆகாது" என்பார். "மாமியாரும் மருமகளுமா?" என்று நான் கேட்பேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம். அதற்கு மேல் அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இதெல்லாம் வழக்குக்குத் தேவையா என்று ஆய்வாளரைக் கேட்டேன். தேவையா இல்லையா என்று தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

அதன் பிறகு அண்ணன் வந்தார். பாறை இடுக்குகளில் மாட்டி அறுந்துபோன பழைய ஈயமீன்களையும் ஈயக்குண்டுகளையும் பொறுக்கி ஒரு கோணிப்பை நிறையக் கொண்டுவந்திருந்தார். நன்றாகக் காய்ந்து கிடந்தவை, பாசி நாற்றம் மட்டும் போகவில்லை. பையோடு, என் கணவர் ஈயம் ஊற்றி மீன் வார்க்கிற நீள அச்சையும் திருப்பிக் கொடுத்தார். அந்த அச்சு என் கணவர் இரும்புப் பட்டையில் தானே அரத்தால் ராவி எடுத்தது. அண்ணன் அதைக் கேட்காமலே எடுத்துப்போய்த் தன் கூட்டாளிக்கு இரவல் கொடுத்திருக்கிறார், அந்த மனிதர் அதன் வாயை உடைத்துவிட்டார். என் கணவருக்கு வந்ததே கோபம். "இன்னொரு தடவை என் அச்சுல கை வச்சீங்கன்னா கண்ணு ரெண்டையும் நோண்டிருவேன் மச்சான்!" என்று கத்தினார். எதிர்வீட்டுத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அவர் இங்கே வந்து சொன்னது உண்மை. என் கணவர் அந்த வார்த்தையைச் சொன்னார்.

ஆனால் இதையும் எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் கணவர் எங்கள் வீட்டுப் பூனையிடமும் அதே வார்த்தையைத்தான் சொல்வார். அந்தப் பூனைக்கு இரண்டு கண்ணும் நன்றாகவே இருக்கின்றன. அண்ணனும் அதற்குப் பயந்தவர் இல்லை. "நோண்டுங்க மாப்பிள்ளை. அப்புறம் படகுக்கு நீங்கதான் என்னைக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்" என்று பதில் சொன்னார். என் கணவர் சிரித்துவிட்டார். பிறகு இரண்டு பேரும் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். தையல்காரருக்கு அந்தச் சிரிப்பு மட்டும் காதில் விழவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு என் கணவர் கொட்டகைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்து, ஈயம் உருக்கும் சட்டியை ஏற்றினார். அண்ணன் கோணிப்பையைப் பின்வாசல் குழாயடியில் அவிழ்த்துக் கையில் கிடைத்த தட்டில் கொட்டினார். அது சிவப்புத் தட்டு. அவருக்கு மீன் பிடிக்கத்தான் தெரியும், எங்கள் வீட்டுத் தட்டுக் கணக்கெல்லாம் தெரியாது. நான் வந்து பார்த்தபோது தட்டு குழாயடியில் இருந்தது, அண்ணன் கொட்டகை வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். தட்டில் பாதிக்கு மேல் பழைய மீன்கள், பெயிண்ட் உரிந்து கிடந்தன. மறுபடி பெயிண்ட் அடிக்க வைத்திருக்கிறார்கள் என்று எண்ணி, வழக்கம்போல வாளியில் ஊறப்போட்டு, பிரஷ் போட்டுத் தேய்த்து, துண்டால் ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தேன். குண்டுகளில் நடுவே நரம்பு கோக்கிற துளை உண்டு. அதற்குள் இருந்த களிமண் வரவே இல்லை, சரி போ என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகு அண்ணன் திரும்பி வந்து, "அட, உருக்குறதுக்கு வச்சத இப்படிப் பளபளன்னு ஆக்கி வச்சிருக்கியே, கண்காட்சியா நடத்தப்போற?" என்று கேலி செய்தார். "முதல்லயே சொல்றதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு?" என்று நானும் கேட்டேன். அவர் தட்டைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டகையில் நீலத் தட்டில் கொட்டிவிட்டு, காலித் தட்டை என்னிடம் கொடுத்தார். என் கணவர் அப்போது முதுகைக் காட்டிக்கொண்டு உடைந்த அச்சை ராவிக்கொண்டிருந்தார். நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என் மேஜைக்கு வந்து, முந்தின வாரம் வார்த்த மீன்களுக்குக் கண் வைக்கத் தொடங்கினேன். ஆணியின் தலையை மஞ்சள் பெயிண்டில் தொட்டு ஒற்ற வேண்டும், அது காய்ந்த பிறகு சின்ன ஆணியால் கறுப்பை ஒற்ற வேண்டும். கை நடுங்கினால் மீன் மாறுகண் போட்டுவிடும்.

அதன் பிறகு லாரி டயர் வெடித்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது. நான் ஓடினேன். கொட்டகை முழுதும் புகை. கூரைத் தகரத்தில், சுவரில், மிதிவண்டியின் இருக்கையில் எங்கே பார்த்தாலும் ஈயம் சொட்டுச் சொட்டாக ஒட்டியிருந்தது. அண்ணன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். கத்தவில்லை. அவர் கத்தாததுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. என் கணவரின் சட்டைக் கை ஓட்டை ஓட்டையாக எரிந்திருந்தது. ஆனாலும் அவர், "தண்ணி கொண்டா, தண்ணி கொண்டா" என்று கத்திக்கொண்டே அண்ணனைத் தூக்கி வெளியே குழாயடிக்குக் கொண்டுவந்து, அண்ணனின் கையை விலக்கிக் கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார்.

வீட்டில் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றுதான். என் கணவர் அதைத் தனக்கு மட்டும் வைத்துக்கொண்டார் என்று அண்ணி சொல்லியிருப்பது பொய். அது அண்ணனின் நெற்றியில் இருந்தது. வார்ப்பதைப் பார்க்க அண்ணன் உள்ளே போனால் என் கணவரே மாட்டிவிடுவார். அண்ணனுக்கு அதில் வியர்த்து மங்கும், உடனே நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார். வெடித்த நேரத்தில் என் கணவரின் முகம் மட்டும் எப்படித் தப்பியது என்று ஆய்வாளர் கேட்டார். அச்சை எடுக்கத் திரும்பியிருந்ததாகச் சொல்கிறாராம். நான் அப்போது அங்கே இல்லை, எனக்குத் தெரியாது.

இனிச் சொல்லப்போவது எனக்குச் சொல்லப் பிடிக்கவில்லை. ஆனாலும் உண்மை சொல்வதாகச் சொல்லித்தான் வந்தேன். அண்ணனை வண்டியில் ஏற்றத் தையல்காரர் ஆள் கூப்பிடப் போன நேரத்தில் என் கணவர் கொட்டகைக்குள் திரும்பிப் போனார். நீலத் தட்டில் மிச்சம் இருந்ததில் ஒரு குண்டை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். என் தோளில் இருந்த ஈரத் துண்டை உருவி, பரணில் எட்டாத இடத்தில் எறிந்தார். "நீ உள்ள இருந்த. எதையும் தொடல. யாரு கேட்டாலும் அவ்வளவுதான்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்கண்ணன் கண்ணு போயிருச்சு, நீங்க துண்டை மறைச்சுக்கிட்டு இருக்கீங்களே!" என்று கத்தினேன். அன்றிலிருந்து அவர் குண்டைப் பற்றியும் துண்டைப் பற்றியும் என்னிடம் வாய் திறக்கவில்லை, போலீசாரிடமும் திறக்கவில்லை என்று அறிகிறேன்.

ஆகவே நான் அவரைச் சந்தேகப்பட்டேன். கட்டிய மனைவி இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனால் ஒளிக்கிறவன் ஏதோ செய்திருக்கிறான் என்றுதானே யாருக்கும் தோன்றும்? குண்டுக்குள் எதையோ அடைத்துச் சட்டியில் போட்டாரோ, கோபம் உள்ளுக்குள்ளேயே இருந்ததோ என்றெல்லாம் படுத்தால் நினைப்பு, எழுந்தால் நினைப்பு. என் கணவருக்கு மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தவள் நான். இன்று இங்கே வந்ததும் அந்தக் குண்டைப் பற்றிச் சொல்லத்தான்.

இந்த இடத்தில் ஆய்வாளர் மேஜை இழுப்பறையிலிருந்து முத்திரை வைத்த பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்து, என் கணவரின் சட்டைப் பையில் கைப்பற்றியது இதுதானா என்று கேட்டார். ஆம் என்றேன். உறையின் உட்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. உறையைச் சாய்த்தபோது குண்டின் துளையிலிருந்து ஒரு சொட்டு வழிந்தது. "இதுக்குள்ள தண்ணி எப்படிம்மா வந்தது?" என்று கேட்டார். "நான் கழுவினேன்ல சார், அதான். மேலதான் துடைக்க முடியும், உள்ள துடைக்க முடியுமா?" என்று சொன்னேன்.

ஆய்வாளர் எழுதுவதை நிறுத்தினார். உருகிய ஈயத்துக்குள் தண்ணீர் போனால் என்ன ஆகும் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அடியில் மாட்டிய தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகிச் சட்டியில் உள்ள ஈயத்தை எல்லாம் தூக்கி அடிக்கும் என்றும், ஒரு சொட்டே போதும் என்றும் சொன்னார். நான் மறுபடி சொல்லச் சொன்னேன். அவர் மறுபடியும் சொன்னார். பக்கத்தில் இருந்த பெண் காவலர் எனக்கு உட்கார நாற்காலி போட்டார்.

ஐயோ, அவர் துண்டைத்தான் மறைத்தார். என்னைத்தான் மறைத்தார். குண்டை ஆட்டிப் பார்த்த அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிட்டது. தட்டில் தண்ணீர் எப்படி வந்தது என்று சொன்னால் என்னைச் சொல்ல வேண்டும் என்பதால் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். அந்த மனிதரையா நான் சந்தேகப்பட்டேன்? "ஈயத்துக்கும் தண்ணிக்கும் ஆகாது" என்று சொன்னவர் ஏன் என்றும் ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? எனக்கு அவர் மேல் கோபமும் வருகிறது.

இதற்கு மேல் நான் சொல்வது எனக்கு எதிராகவும் எடுத்துக்கொள்ளப்படலாம் என்றும், விரும்பினால் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம் என்றும் ஆய்வாளர் எடுத்துச் சொன்னார். எனக்குப் புரிந்தது. எழுதச் சொன்னேன். நான் உள்ளே இல்லை. குழாயடியில் இருந்தேன். தொட்டேன், தேய்த்தேன், கழுவினேன். அண்ணன் தட்டு மாற்றிக் கொட்டினார், நான் கழுவினேன், என் கணவர் தன் தட்டில் இருந்ததை நம்பி எடுத்துப் போட்டார். இதில் குற்றம் யாருடையது என்று எத்தனை தரம் புரட்டிப் பார்த்தாலும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் பகை என்று ஒன்று அந்தக் கொட்டகையில் இருக்கவில்லை.

மேலே உள்ளதை ஆய்வாளர் எனக்கு முழுதும் படித்துக் காட்டினார். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. கணவரைச் சந்தேகப்பட்டேன் என்ற இடத்தை அடித்துவிடச் சொல்லலாமா என்று நினைத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன், அதுவும் உண்மைதான். ஒரே ஒரு வேண்டுகோள். இதை என் அண்ணனுக்கும் யாராவது படித்துக் காட்ட வேண்டும். ஒரு கண் தப்பிவிடும், இன்னொன்று கட்டுப் பிரித்த பிறகுதான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதுவரை அவரால் படிக்க முடியாது. அண்ணி படிக்கமாட்டாள். வேறு யார் வாயாலும் அவர் இதைக் கேட்க வேண்டாம். இதன் நகல் ஒன்றை எனக்குக் கொடுத்தால், நானே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டை எடுத்த இடத்திலிருந்து படித்துக் காட்டுகிறேன்.

உண்மை என்று அறிந்து, என் கையால் இட்டது:
(கையொப்பம்)