கோயிலுக்கு வெளிய நின்னவ

அதான் சொல்றேனே டாக்டரம்மா, எனக்கு இந்தத் தொடையிடுக்குல பொடச்சிருக்கறது மட்டுந்தான். குடலிறக்கம்னு நீங்களே சொல்லிட்டீங்க. இருமுனா வெளிய வருது, படுத்தா உள்ள போயிடுது. விறகு சுமந்து சுமந்து வந்தது. வெளிய உக்காந்திருக்காரே எங்க வீட்டுக்காரர் மோல்லா, அவருக்கும் வந்துச்சு. ஊரே சிரிச்சுது. தச்சுட்டு வந்தாரு, இப்ப ஏரு ஓட்டுறாரு. இதுல என்ன வெக்கம்?

கீழயா? கீழ ஒண்ணும் எறங்கலம்மா.

குடும்பத்துலயா... ம். அக்கா ஒருத்தி இருந்தா, அஸ்னாக்கெச். அவளுக்குக் கர்ப்பப்பை எறங்கிடுச்சு. ஏழாவது பிள்ள பெத்த பத்தாம் நாளே தண்ணிக் குடத்த முதுகுல கட்டிக்கிட்டு எங்க கோஜ்ஜாம் மலைச்சீமை மேட்டுல ஏறுனவ.

என்னது, ரெண்டுக்கும் வேர் ஒண்ணா? உள்ள தாங்குற சதை தளந்தா அங்கயும் பிதுங்கும், இங்கயும் எறங்குமா? அக்கா தங்கச்சின்னா ரெண்டு பேருக்குமே வருமா? அடக் கடவுளே. நாங்க சாபம்னுல்ல நெனச்சோம்!

எங்க ஊர்ல தீட்டுப்பட்ட பொம்பள மரியம் மாதா கோயில் மதிலுக்குள்ள வரக்கூடாது. அக்காவுக்கு எந்நேரமும் கசிவு. வெளிய நின்னு மதிலுக்கு முத்தம் குடுத்துட்டுப் போவா. ஒரு திருநாள் அன்னிக்கு மெதுவா உள்ள வந்துட்டா. யாரும் கவனிக்கல. நாந்தான் பாத்தேன். நாத்தம் புடிச்சவளே, வெளிய போடின்னு கத்துனேன். அத்தன பேரும் திரும்புனாங்க. அவ வெள்ளச் சால்வைய தலைக்கு இழுத்துக்கிட்டு போனா. மறுநாள் ஆத்துல கெடந்தா.

இப்பவும் நான் காபி வறுக்க உக்காந்தா வாசல்ல அவ கால அகட்டி அகட்டி நடக்கற சத்தம் கேக்குது. உள்ள வா அக்காங்கறேன், வரமாட்டேங்கறா. எங்க வழக்கப்படி மூணு சுத்து ஊத்துவோம்; அதுல மூணாஞ்சுத்து, அந்த ஆசீர்வாதக் காபி, ஒரு கிண்ணம் வெளிய வெக்கறேன். ஆறிப்போயி அப்பிடியே இருக்கு. பயமா இருக்கும்மா.

ஆமா, இது ரெண்டையும் ஒரே தடவையில தச்சுருவீங்களா? சும்மா கேட்டேன்.

அந்தத் திரைய நல்லா இழுத்து விடுங்க. மோல்லாவுக்குத் தெரிய வேணாம்.

அன்னிக்குக் கோயிலுக்குள்ள நின்னேன் பாருங்க, அப்பவே எனக்கும் எறங்கி மூணு வருஷம். துணிய உருட்டி அடச்சுக்கிட்டுத்தான் நின்னேன். பக்கத்துல ஒருத்தி நாத்தம் தாங்காம மூக்கச் சுளிச்சா. அது என் வாடைதான்.