குனிந்திருந்தாரா, நிமிர்ந்திருந்தாரா?

மதிப்பீட்டுக் குழுவின் மாண்பைப் பாராட்ட மன்றம் நிறைந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பெற்ற பிள்ளைகளைப் போர் விமானத்தில் ஏற்றிவிட்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! விழாவுக்குத் தலைமை தாங்கும் குழுத் தலைவர் அவர்களே! மூன்றாம் வரிசையிலிருந்து 'சீக்கிரம் முடி' என்று சைகை காட்டும் என் அருமைத் தம்பியே! உங்கள் அனைவருக்கும் ஒரு போர் விமானியின் வணக்கம்.

சீனத்தின் புதிய விமானம்! ரேடார் கண்ணுக்குச் சிக்காத விமானம்! அது எவ்வளவு தூரம் வந்து தாக்கும் என்று உலகமே தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது. கண்டுபிடித்தவர் யார்? நம் குழு! எதைக் கொண்டு? உளவாளியைக் கொண்டா? செயற்கைக்கோளைக் கொண்டா? இல்லை, பெரியோர்களே, இல்லை! ஓடுதளத்து வேலிக்கு வெளியே நின்று எவரோ எடுத்த, மங்கலான ஒரே ஒரு புகைப்படத்தைக் கொண்டு!

அந்தப் படத்தில் சக்கரத்தருகே ஓர் ஆள். மெக்கானிக்காக இருக்கலாம். குழு அவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஆளின் உயரத்திலிருந்து சக்கரத்தின் உயரம் வந்தது. சக்கரத்திலிருந்து விமானத்தின் நீளம் வந்தது. நீளத்திலிருந்து வயிறு வந்தது. வயிற்றிலிருந்து எரிபொருள் வந்தது. எரிபொருளிலிருந்து தாக்குதூரம் வந்தது! ஒரு மனிதரை வைத்து வானத்தையே அளந்த அறிவை என்ன சொல்லிப் புகழ்வேன்?

அன்று அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். ஏசி உறுமிக்கொண்டிருந்தது, டீ ஆறிக்கொண்டிருந்தது. எழுந்து கேட்டேன்:

"சார், படத்துல அந்த ஆளு குனிஞ்சிருக்காரா, நிமிந்து நிக்கிறாரா?"

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்ல கேள்விம்மா. அதுக்குத் தனியா ஒரு துணைக்குழு போட்டுடலாம்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், துணைக்குழுவினரும் உங்களோடு சேர்ந்துதான் சிரிக்கிறார்கள்! கூடினார்கள். பாதிப் பேர் குனிந்திருக்கிறார் என்றார்கள், பாதிப் பேர் நிமிர்ந்திருக்கிறார் என்றார்கள். யார் மனமும் நோகாமல் 'சற்றே குனிந்திருக்கிறார்' என்று ஏகமனதாக முடிவானது. இதற்குள் ஒரு பத்திரிகை நம் தாக்குதூர எண்ணையே 'நிபுணர்கள் கணிப்பு' என்று வெளியிட்டது. உடனே நம் அறிக்கை, 'பத்திரிகையும் உறுதி செய்கிறது' என்று அதைச் சான்றாகச் சேர்த்துக்கொண்டது!

என்ன, நேரமாகிறதா? பொறுங்கள் ஐயா, குழுவுக்குத் தரப்போகும் கேடயம் எங்கும் ஓடிவிடாது.

அந்த எண்ணை வைத்து, 'சீன விமானம் இதைத் தாண்டி வராது' என்று வரைபடத்தில் ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் என் தம்பி சுற்றிக்கொண்டிருப்பான். அவன் ஓட்டுவது, பறக்கும்போதே எங்களுக்கு எரிபொருள் நிரப்பும் விமானம். திருப்பிச் சுட அதில் ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது. நான் கோட்டைத் தாண்டிப் போய், திரும்பி அவனிடம் வர வேண்டும். எண் கூடிப்போயிருந்தால் அவன் வீணாகத் தள்ளி நிற்பான். நான் அவனை எட்டாமல் கடலில் விழுவேன். எண் குறைந்துபோயிருந்தால் நான் திரும்பி வரும்போது அவன் இருக்க மாட்டான்.

நேற்றுச் சாப்பிடும்போது அவனிடம் இதைச் சொன்னேன். தட்டைவிட்டு நிமிராமலே பதில் சொன்னான்:

"கோடு கெடக்குது விடுக்கா. ஃபியூல் பத்தலைன்னா ஒரு குரல் குடு, தாண்டி வந்துடறேன்."

வந்துவிடுவான், தாய்மார்களே! அவனைத் தூக்கி வளர்த்தவள் நான், எனக்குத் தெரியும். அதனால்தான் நான் கூப்பிடப் போவதில்லை.

தம்பி, எழுந்திருக்காதே, உட்கார்.

தலைவர் அவர்களே, ஒரே ஒரு வேண்டுகோள். அறிக்கையின் முதல் பக்கத்தில், அந்த எண்ணுக்கு மேலே, 'தெரியாது' என்று ஒரு சொல் எழுதுங்கள். தெரியாது என்று எழுதினால் அவனுக்குக் காவலாக இரண்டு விமானங்களை உடன் அனுப்புவார்கள். தெரியும் என்று எழுதினால் உங்களுக்குக் கேடயம் தருவார்கள்.

அந்தக் கேடயத்தை என் கையால்தான் வழங்க வேண்டுமாம். பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி, வணக்கம். வாருங்கள், தலைவர் அவர்களே. புகைப்படம் எடுக்கிறார்கள், நிமிர்ந்து நின்று வாங்கிக்கொள்ளுங்கள்.