செங்கோடனின் பிளாப்பி

மணி பதினொன்று இருக்கும். வெண்ணந்தூர் தார்ச்சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்கும் வண்டித்தடம். ஆடிக்காற்று. தடத்தின் கடைசியில் ஒரே ஒரு வீட்டில் விளக்கு... என் நண்பனின் பெரியப்பா வெள்ளியங்கிரியின் வீடு. எண்பத்தேழாம் வருஷம். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சத்தம் போட்டுச் சொல்கிற கதையல்ல இது.

வெள்ளியங்கிரிக்கு போர்வெல் போடும் ரிக் லாரித் தொழில். ராத்திரியானால், வீட்டிலிருந்தே ஊர் உலகத்தோடு பேசும் ஹாம் ரேடியோப் பைத்தியம். பங்காளி செங்கோடனுக்கும் அதே பைத்தியம்தான், சண்டையும் அதில்தான். ரேடியோவில் வரும் மோர்ஸ் தந்தி ஒலியைக் கம்ப்யூட்டர் கேட்டு எழுத்தாகக் காட்டும். அந்தக் கம்ப்யூட்டரை எழுப்பி ஓட்ட எந்தச் சிஸ்டம் நல்லது? செங்கோடன் சி.பி.எம் என்பார். கட்சியல்ல, சிஸ்டத்தின் பெயர். சின்னது, ஓர் எழுத்தையும் தவறவிடாது. வெள்ளியங்கிரி டாஸ் என்பார். புதிதாக வருவதெல்லாம் அதில்தான் ஓடும்.

"என்றதுதான் நல்லதுன்னு உன்ற வாயாலயே சொல்ல வெக்கறன் பங்காளி" என்று எழுந்து போனார் செங்கோடன். மறுநாள் அவருடைய ஏரியல் கம்பி மோட்டார் கரண்ட் லைன்மேல் விழுந்தது. மறுமுனை அவர் கையில் இருந்தது.

காரியம் முடிந்ததும் அவர் மனைவி மயிலம்மாள் அவருடைய கம்ப்யூட்டரை வெள்ளியங்கிரிக்கே கொடுத்துவிட்டார். வெள்ளியங்கிரி சி.பி.எம் பதிந்திருந்த பிளாப்பித் தகட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். இனி டாஸ்தான்.

அன்று ராத்திரி மைத்துனன் சின்னுசாமி கூட இருந்தான். டாஸ் பிளாப்பியைச் செருகிச் சுவிட்சைத் தட்டியதும் அது சுழன்றது. 'கர்ர்... கர்ர்...' பச்சை எழுத்தில் பெயர் வந்தது. சி.பி.எம்.

"ஏன் மாப்ளே, பிளாப்பிய மாத்தி வெச்சயா?"

"பீரோச் சாவி உங்க இடுப்புலதானுங்க மாமா இருக்குது!"

வெளியே எடுத்துப் பார்த்தார். டாஸ் பிளாப்பிதான். அப்படியும் சந்தேகம் தீரவில்லை. இவன் குறும்புக்காரன், சாவியை எடுக்க எத்தனை நேரமாகும்...

ரேடியோ கிறீச்சிட்டது. திரையில் எழுத்துகள். செங்கோடன் ரேடியோவில் சொல்லும் அழைப்புப் பெயர்.

செத்தவன் பெயரில் விளையாட்டா! வெள்ளியங்கிரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏரியலைப் பிடுங்கி மேசையோரம் தொங்கவிட்டார். கம்பி இல்லாமல் எவன் பேசுவான், பார்க்கலாம்.

ரேடியோ அடங்கியது. எழுத்து அடங்கவில்லை. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் ஓடியது.

'கம்பிய மாட்டு பங்காளி.'

"மாமா... வேண்டாமுங்க." சின்னுசாமி கதவோரம் ஒதுங்கினான்.

அந்தப் பயமும் நடிப்பாகத்தான் பட்டது வெள்ளியங்கிரிக்கு. "மாட்டிப் பதில் போடறன். எந்த நாயின்னு தெரிஞ்சுரும்."

கம்பி முனைக்குக் கை போனது. இன்னும் ஒரு சாண்... வெளியே படீரென்று ஒரு சத்தம். முனையில் நீலப் பொறி. முடி கருகும் வாசம். அவர் கை முடிதான். காடு முழுக்க இருட்டு.

டார்ச்சோடு இருவரும் ஓடினார்கள். பனைமரத்தில் கட்டியிருந்த ஏரியல் மோட்டார் லைன்மேல் கிடந்தது.

"காத்துல அந்துருக்கும்" என்றார் வெள்ளியங்கிரி.

சின்னுசாமி மரத்தின்மேல் வெளிச்சம் அடித்தான். அறுந்த கயிறு எதுவும் இல்லை. முடிச்சைத்தான் யாரோ பக்குவமாக அவிழ்த்திருந்தார்கள்.

திரும்பி வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். கரண்ட் இன்னும் வரவில்லை. உள்ளே மட்டும் பச்சை வெளிச்சம்.

'இப்பச் சொல்லு பங்காளி. எது நல்லது?'

வெள்ளியங்கிரி திரையைப் பார்த்துக் கும்பிட்டார். பயம், வேறொன்றுமில்லை. "உன்றதுதான்... உன்றதுதான் செங்கோடா."

திரை அணைந்தது. சின்னுசாமி பெருமூச்சு விட்டான்.

அப்போதுதான் பூட்டிய பீரோவுக்குள்ளிருந்து கேட்டது... 'கர்ர்... கர்ர்...'