மாடுகளுக்குப் போன முதல் தரம்

காலையில் சூடாக ஒரு டீ உள்ளே போய்விட்டால் எனக்கு யார் மேலும் கோபம் வராது ஐயா. அந்த ஒளிப்பெட்டி மேல்கூட வந்ததில்லை.

எங்கள் மாவு ஆலையில், மாவைச் சின்னக் கிண்ணத்தில் நிரப்பி வைத்தால் பெட்டி அதன்மேல் வெளிச்சம் அடிக்கும். திரும்பி வரும் வெளிச்சத்தை வைத்து, சத்து எவ்வளவு என்று சொல்லிவிடும். முதல் தரம் குழந்தைகளின் சத்துமாவு டப்பாவுக்கு, கடைசித் தரம் மாட்டுத் தீவனத்துக்கு. மூட்டை தூக்குகிற எனக்கு எல்லாத் தரமும் ஒரே கனம்தான்.

நஷ்டம் என் மச்சானுக்கு. ஆலைக்கு மாவு கொண்டுவந்து போடுகிறவன். அவன் மூட்டைகள் எல்லாம் தீவனத்துக்கே போயின. அவனைவிட அவன் அக்கா, அதாவது என் மனைவி, அதிகம் கொதித்தாள்.

"கூடப் பொறந்தவன் நடுத்தெருவுல நிக்கிறான். நீங்க அந்தப் பெட்டிக்குத் தூசி தட்டிக்கிட்டு இருங்க."

"பெட்டி பொய் சொல்லாதுடி."

"அப்ப அதுகிட்டயே சோறு வாங்கித் தின்னுங்க."

கேட்டுப் பார்த்தேன். வெளிச்சம்தான் கொடுத்தது.

புது அறுவடை வந்தால் பெட்டிக்குப் பாடம் நடக்கும். சத்து அளந்து வைத்த மாவுகளைக் காட்டி, இது முதல், இது கடைசி என்று பழக்குவார்கள். பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, கிண்ணங்களில் தரம் எழுதிய சீட்டு ஒட்டும் வேலையை என்னிடம் தந்தார். தலை நரைத்தபின் எழுத்துக் கற்றவன் என்று என்மேல் அவருக்குத் தனி மதிப்பு.

"மாத்தி ஒட்டிடாதீங்கண்ணே. அப்புறம் இது கழுதையக் குதிரைன்னு சாதிக்கும்."

யோசனை அவருடையதுதான். நான் மாற்றி ஒட்ட மட்டும் செய்தேன்.

மச்சான் முதல் தரமானான். என் தட்டில் பொரித்த முட்டை விழுந்தது. மாடுகள் கொழுகொழுவென்று மினுமினுத்தன. ஒரு பால்காரர் ஆலை வாசலுக்கே வந்து கும்பிட்டுவிட்டுப் போனார். நாலு உயிர் நன்றாயிருந்தால் மனசுக்கு நிறைவுதானே.

டப்பாக்கள் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போயின. வேறெதுவும் செரிக்காத, எலும்பும் தோலுமான பிள்ளைகள்.

"எவ்வளவு குடுத்தாலும் தேற மாட்டேங்குதாம்ண்ணே," என்றார் வண்டி ஓட்டுகிறவர். "இன்னும் கேக்குறாங்க."

எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு அட்டைப்பெட்டி டப்பா கூடுதலாக ஏற்றிவிட்டேன்.

பெட்டிக்கார அம்மாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். பாவம், நல்ல மனுஷி.

சீட்டுகளை மாற்றியது நான்தான். ஒப்புக்கொள்கிறேன், கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் நீங்கள் எழுதிய வாக்குமூலத்தில் ஒரு சொல்லைத் திருத்த வேண்டும் ஐயா. 'பட்டினி' என்று போட்டிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளைகள் எல்லாம் வயிறு நிறையச் சாப்பிட்டுத்தான் செத்தன.