மூணு தடவ கூப்பிடணும்

இல்ல சார், இந்த வாசல்ல ஒரு ஸ்குரூ கூட உள்ள போகக் கூடாது. ஏசி மட்டும் இல்ல, அந்தக் கம்பளம், சுழல் நாற்காலி, கூரை ஓட்டைய அடைக்க வந்திருக்காங்களே அந்த நாலு பேரு, எல்லாத்துக்கும் சேர்த்துத்தான். ஜட்ஜ் ஐயா உத்தரவு. கோவிச்சுக்காம இப்படி பெஞ்சுல உக்காருங்க. அந்தக் கடைசில வேண்டாம், அங்க ஒரு கால் ஆடும். அதுக்கும் உங்க பொதுப்பணித்துறை ஆபீசுக்கு லெட்டர் போட்டிருக்கோம்.

நானா? இந்தக் கோர்ட்டோட டவாலி சார். கேஸ் நம்பர் வந்ததும் வாசல்ல நின்னு ரெண்டு தரப்பு பேரையும் மூணு தடவ கத்திக் கூப்பிடணும். அதான் தொழில். பத்தொம்பது வருஷமா கத்துறேன். என்னை எங்கயோ பாத்த மாதிரி இருக்கா? இருக்கும். கூரை ஒழுகுதுன்னு ஐயா எழுதின பதினாலு லெட்டரையும் உங்க ஆபீசுக்குக் கொண்டுவந்தது நான்தான். என்ஜினியர் ரூமுக்கு வெளிய இதே மாதிரி ஒரு பெஞ்சு போட்டிருக்கீங்களே. அதுல கால் ஆடாது, நல்ல பெஞ்சு. பன்னண்டாவது லெட்டர் அன்னிக்கு நீங்க என் காலைத் தாண்டிக்கிட்டு டீ குடிக்கப் போனீங்க. சேச்சே, வருத்தமெல்லாம் இல்ல சார். சும்மா ஞாபகத்துக்கு வந்துச்சு.

ரெண்டு வருஷமா இதான் கதை. மழைன்னா உள்ள ஒரு பச்சை வாளி வச்சிடுவோம். அரசாங்க வக்கீல் மேஜைக்கும் எதிர்த்தரப்பு மேஜைக்கும் சரியா நடுவுல. அரசாங்க வக்கீல் வாய்தா கேக்கும்போதெல்லாம் டொக்குனு ஒரு சொட்டு விழும். ஒருநாள் ஐயா சொன்னாரு, அரசாங்கத் தரப்புல தவறாம ஆஜராகறது இந்த வாளி ஒண்ணுதான்னு. கோர்ட்டே சிரிச்சுது. அவரு சிரிக்கல. நாற்காலிய ரெண்டடி தள்ளிப் போட்டுக்கிட்டு, அடுத்த கேஸக் கூப்பிடுன்னாரு.

அப்பல்லாம் வராத லாரி இன்னிக்குக் காலையில பத்தரை மணிக்கு வருது. இன்னிக்கு என்ன நாளு? உங்க டிபார்ட்மென்ட் கேஸுல தீர்ப்பு நாளு. பஸ் டிப்போவுக்குப் பின்னாடி தெருவுல நாப்பத்தியோரு வீட்ட இடிச்சுட்டுப் பாலம் கட்டணும்னு நீங்க. கூடாதுன்னு அந்தத் தெருக்காரங்க. ஐயா ஜன்னல் வழியா லாரியப் பாத்தாரு, அப்புறம் என்னைப் பாத்தாரு. தீர்ப்ப வாசிச்சு முடிக்கிற வரைக்கும் எதையும் உள்ள விடாதேன்னாரு.

தற்செயலா வந்தீங்களா? சரி சார், நம்பிட்டேன்.

அவரு எல்லாத்துலயும் அப்படித்தான். உங்க டிபார்ட்மென்ட் கேஸ் இருக்கற அன்னிக்கு அரசாங்கக் காரக் கூடத் தொட மாட்டாரு. அத ரிப்பேர் பாக்கறது உங்க ஷெட்டுல இல்லையா, அதனால நடந்தே வருவாரு. டிரைவருக்குக் கொண்டாட்டம். உங்க கேஸு இன்னும் நாலு வருஷம் இழுக்கட்டும்னு வேண்டிக்கிட்டிருந்தான்.

ஐயாவும் நீங்களும் ஒரே அரசாங்கம்தானேன்னு கேக்கறீங்களா? நானும் வேலைக்குச் சேர்ந்த புதுசுல அப்படித்தான் நினைச்சேன். கட்டடம் உங்களோடது. நாற்காலி உங்களோடது. நான் போட்டிருக்கற வெள்ளைச் சட்டை, இந்தக் குறுக்குப் பட்டை எல்லாம் உங்க கஜானா. ஐயா சம்பளமே அங்கிருந்துதான் வருது. அதுக்காக, சோறு போடறோம், என்ன பேசணும்னும் நாங்களே சொல்லுவோம்னா எப்படி சார்? அந்த நாற்காலில உக்காந்துட்டா அவரு உங்க ஆளும் இல்ல, எங்க ஆளும் இல்ல.

எங்க ஆளுன்னா, பொதுவா ஜனங்களச் சொன்னேன். நீங்க டீயக் குடிங்க, ஆறுது.

மாட்டிட்டுத்தான் திரும்பி வரணும்னு மந்திரியே சொல்லிவிட்டாரா? பாவம் சார் நீங்க. ஒரு டவாலி வழிய மறிச்சுக்கிட்டுக் கதை பேசியே நேரத்தப் போக்கிட்டான்னு சொல்லிடுங்க. பொய்யில்லையே.

இருங்க, உள்ள நாற்காலி இழுபடுது. ஐயா எழுந்துட்டாரு. அதோ உங்க வக்கீல் வர்றாரு, அத்தனை பல்லும் தெரியுது. என்ன சொல்றாரு உங்க காதுல? மனு தள்ளுபடியா. மூணு மாசத்துல காலி பண்ணணும்.

சரி. ஜெயிச்சுட்டீங்க. கையக் குடுங்க சார்.

ஏன் ஆளுங்களுக்குக் கண்ணக் காட்டுறீங்க, ஏசியத் திரும்ப லாரியில ஏத்தவா? ஏத்துங்க, ஏத்துங்க. எங்களுக்கு வாளி இருக்கு.

ஒண்ணு சொல்லட்டுமா. நல்லவேளை, நீங்க அத மாட்டல. மாட்டியிருந்தா இதே தீர்ப்ப ஐயா குளுகுளுன்னு உக்காந்து வாசிச்சிருப்பாரு, அந்தத் தெருவுல ஒருத்தன் நம்பியிருக்க மாட்டான். நானே நம்பியிருக்க மாட்டேன். இப்ப வீட்டுக்குப் போய், நியாயமாத்தான் தோத்தோம்னு தைரியமாச் சொல்லலாம்.

எந்த வீட்டுக்கா? அந்தத் தெருவுல மூணாவது வீடு சார், நீல கேட். வீடு என் பொண்டாட்டி பேருல இருக்கு. முதல் மனுதாரரே அவதான். ஐயாவுக்குத் தெரியாது. பதினோரு மாசமா தினம் அவரு மேஜையில தண்ணி கொண்டுபோய் வைக்கறேன், ஒரு வார்த்த சொல்லல. ஹெட்கிளார்க்கிட்ட மட்டும் சொல்லி, வேற கோர்ட்டுக்கு மாத்துங்கன்னு கேட்டேன். கத்தறவனா தீர்ப்பு எழுதறான், ஐயா முன்னாடி வாயத் திறக்காம இரு, போதும்னுட்டாரு.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாச்சு சார். வீட்டுல அவ பேரச் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல, இங்க பாருன்னுதான். இந்த வாசல்ல நின்னு வாய்தாவுக்கு வாய்தா கூப்பிட்டேன், வராந்தா அதிர, மூணு தடவ, ஊரான் பேரக் கூப்பிடற அதே குரல்ல. சாயங்காலம் போனா கேப்பா, பத்தடி தள்ளி நிக்கறவள அவ்வளவு சத்தமாவா கூப்பிடுவீங்கன்னு. இன்னிக்கு அவ வரல. நீங்களே கேட்டுட்டு வந்து சொல்லுங்கன்னுட்டா.

ஒரே ஒரு உதவி சார். மூணு மாசம் கழிச்சு வீட்ட எடுக்க வரும்போது உங்க ஆளுங்ககிட்ட சொல்லி வைங்க. வாசல்ல நின்னு கத்த வேண்டாம். மெதுவா ஒரு தடவ கூப்பிட்டாப் போதும், வந்துடுவா.